படிப்பு ஏறாத பிள்ளைகள்: பின்னலாடை நகரில் வாசிப்புக் கல்வியும் திருச்சபையும்

திருப்பூரிலும் அதைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய பகுதிகளிலும் பணிபுரியும் ஆயர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "பையனுக்குப் படிப்பு ஏறலீங்க." இதைக் கூறும் தாயோ தந்தையோ பெரும்பாலும் சினத்தோடு கூறுவதில்லை; இவ்வாண்டு மழை பொய்த்துவிட்டது என்பதைத் தெரிவிப்பதுபோலத் தெரிவிக்கின்றனர். அடுத்த வாக்கியமும் ஆயத்தமாகவே இருக்கும்: "கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு இருக்கோமுங்க." இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே இருக்கும் தொலைவு மிகக் குறுகியது. அவ்விடைவெளியில் திருச்சபை செய்யக்கூடியது யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

படிக்க இயலாத பிள்ளைகள் எவ்வூரிலும் உண்டு. ஆயின், பின்னலாடைத் தொழில் நடைபெறும் இடத்தில் அப்பிள்ளைக்கு நேரும் சோதனை தனித்தன்மை உடையது. வகுப்பறையில் "மக்கு" எனப்பட்ட சிறுவன் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, சில திங்களில் ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்ந்துவிட்டால், அங்கே எவரும் அவனை வாசிக்கச் சொல்வதில்லை. அவனது கைவேகம் மதிக்கப்படுகிறது. வார இறுதியில் சம்பளம் வருகிறது. வீட்டில் அவன் சொல்லுக்கு எடை கூடுகிறது. பல ஆண்டுகள் அவமானம் ஒன்றையே கண்ட உள்ளத்திற்கு இது விடுதலையாகவே தோன்றும். துணியை அடுக்கி, அளவு அட்டையை வைத்து, ஓர் அங்குலமும் வீணாகாதவாறு வெட்டும் கட்டிங் மாஸ்டர்களுள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவோர் உண்டு. அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் துணிவு வராது. ஆனால், அதே மனிதர் வைப்புநிதிப் படிவத்திலும், கடன் பத்திரத்திலும், ஒப்பந்தத் தாளிலும் பிறர் படித்துச் சொன்னதை நம்பியே கையெழுத்திட வேண்டியவராக வாழ்நாள் முழுவதும் இருக்கிறார். தொழில் மந்தமாகும்போது முதலில் வெளியேற்றப்படும் வரிசையில் நிற்பவர்களுக்கு எழுத்தறிவு இல்லாமை இரண்டாவது சுமையாகிறது.

சட்டம் இதைத் தடுக்க முயன்றிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளிக்கு உரியவர்கள் ஆக்கிற்று. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவது தடை செய்யப்பட்டது. ஆயினும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்னும் விலக்கையும் அத்திருத்தமே வைத்திருக்கிறது. வீட்டில் அமர்ந்து ஆடைகளில் பிசிறு வெட்டும் பிள்ளையின் பணி எந்தக் கணக்கில் சேரும் என்பது விவாதத்திற்கு உரியது. மேலும், ஒரு பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதைச் சட்டம் உறுதி செய்யலாம்; அப்பிள்ளை எட்டு ஆண்டுகள் அமர்ந்தும் ஒரு பத்தியை வாசிக்க இயலாதிருந்தால் அதற்குச் சட்டம் என்ன செய்யும்?

இவ்வாறு வாசிக்க இயலாதிருப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அச்சிறுவன் கூர்மையான அறிவுடையவன்; கணக்கில் தேர்ந்தவன்; ஆயின் எளிய சொற்களையும் வாசிக்க முடியவில்லை. கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாகவே நிகழ்ந்திருந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார் என்பதையும் அம்மருத்துவர் பதிவு செய்துள்ளார். நூற்றாண்டு கடந்தும் அவ்வாசிரியரின் கருத்தைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. கற்றல் குறைபாடு என்னும் பொதுப்பெயரை 1963இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் பரப்பினார். எழுதுவதிலும் எண்களைக் கையாளுவதிலும் நேரும் தனித்த இடர்ப்பாடுகளும் அப்பெயருள் அடங்கும்.

பலர் எண்ணுவதுபோல் இது கண்ணின் குறை அன்று, சோம்பலும் அன்று. பேச்சில் கேட்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்தறிந்து அவற்றை எழுத்துகளோடு பிணைப்பதில் மூளைக்கு நேரும் இடர்ப்பாடே இதன் வேர் என ஆய்வாளர்களுள் பெரும்பாலோர் கொள்கின்றனர். குடும்ப வழியாகவும் இது வருகிறது. எனவே "நானும் இப்படித்தானுங்க, எனக்கும் படிப்பு வரல" என்று தந்தை கூறும்போது, அவர் நோயறியும் குறிப்பொன்றை நம் கையில் தருகிறார் என்று கொள்ளலாம். அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேடு, பள்ளி வயதினருள் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கற்றல் குறைபாடு உடையவர்கள் என மதிப்பிடுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இது இருவர் முதல் அறுவர் வரை ஆகும்.

எச்சரிக்கை ஒன்றும் இங்குத் தேவை. திருப்பூரில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அனைவரும் டிஸ்லெக்ஸியா உடையவர்கள் அல்லர். தென் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து, இரண்டு ஆண்டுகளில் மூன்று பள்ளிகள் மாறிய பிள்ளைக்கு வேண்டுவது நிலையான ஓர் இருக்கை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, வீட்டில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளை ஆறு திங்களில் தமிழை வாசிக்கவில்லை என்றால், அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. செவிப்புலன் குறைந்த பிள்ளை, கண்ணாடி தேவைப்படும் பிள்ளை, இரவில் தம்பி தங்கையரைக் காப்பதால் பகலில் உறங்கும் பிள்ளை ஆகியோரும் உண்டு. கண்ணையும் காதையும் சோதித்து, ஒழுங்கான கற்பித்தலைச் சில திங்கள் அளித்தும், பேச்சில் சூட்டிகையாக உள்ள பிள்ளை எழுத்தில் மட்டும் தேங்கி நிற்குமாயின், அப்போதுதான் நாம் இக்குறைபாட்டை ஐயுற வேண்டும். நோய்ப்பெயர் சூட்டுவது ஆயரின் பணியன்று. கவனிப்பது அவருடைய பணி.

தமிழ் எழுத்தும் அதன் இடர்களும்

ஆங்கிலத்தைப்போல் எழுத்தும் ஒலியும் முரண்படும் மொழிக்கே இக்குறைபாடு உரியது, எழுதியவாறே வாசிக்கும் தமிழில் இது எழாது என்று கற்றவர்களே வாதிடுவதுண்டு. இது பிழையான எண்ணம். குறைபாடு தமிழிலும் உண்டு. அது வெளிப்படும் விதமே வேறு. ஆங்கில நூல்கள் கூறும் அடையாளங்களைத் தேடினால் தமிழ்ப் பிள்ளையை நாம் தவற விடுவோம்.

தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர 247 எழுத்துகள். ஆங்கிலப் பிள்ளை ஓராண்டில் முடிக்கும் எழுத்தறிதல், இந்திய மொழிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் நீளக்கூடும். கன்னடம் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எண்ணிக்கையைவிடப் பெரிய இடர் வடிவில் இருக்கிறது. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் ககரத்தை முன்னும் உயிரைப் பின்னும் ஒலிக்கிறோம். ஆனால் உயிரின் குறி ககரத்திற்கு முன்னே நிற்கிறது. 'கொ', 'கோ' என்பவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. கண் செல்லும் வரிசையும் நாச் செல்லும் வரிசையும் இங்கு மாறுபடுகின்றன. உகர வரிசையோ இன்னும் கடினம்: 'கு, டு, மு, ரு' ஒருவகை, 'சு, பு, யு, வு' மற்றொரு வகை, 'து, நு, லு, னு' வேறொரு வகை. ஒரே உயிருக்கு மூன்று உடைகள். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், பெரியார் 1935 முதல் தம் இதழில் வழங்கிய வடிவங்களை ஏற்று 'ணா, னை, லை' முதலிய பதின்மூன்று எழுத்துகளை ஒழுங்குபடுத்திற்று. உகர வரிசையையும் சீர்ப்படுத்த வேண்டும் என்று முனைவர் வா. செ. குழந்தைசாமி போன்றோர் பின்னர் வற்புறுத்தியும் அது நிறைவேறவில்லை. மொழிப்பற்றுடையோர் அதனை எதிர்த்ததற்குரிய காரணங்கள் நமக்குத் தெரியும். அவ்விவாதத்தில் இப்பிள்ளைகளின் பெயரால் பேசுவார் குறைவாகவே இருந்தனர் என்பதை மட்டும் இங்குக் குறிப்பிடுகிறோம்.

எனவே தமிழ்ப் பிள்ளையிடம் நாம் காணும் அடையாளங்கள் இவை. புள்ளியை விட்டுவிடுதல், 'பட்டம்' என்பதைப் 'படம்' என வாசித்தல், குறிலையும் நெடிலையும் மயங்குதல், கொம்பைத் தவறவிடுதல், முதலெழுத்தைக் கண்டு மீதியை ஊகித்தல். லகர, ளகர, ழகர மயக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது; அதை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. கொங்கு வட்டாரத்தில் "படிச்சானுங்க" என்று பேசும் பிள்ளை நூலில் "படித்தான்" என்பதைச் சந்திக்கும்போது அறியாத சொல்லையே சந்திக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம் திருமறை மொழிபெயர்ப்பின் நடையோ பேச்சிலிருந்து இன்னும் பல படிகள் விலகி நிற்பது.

மணலில் எழுதிய விரல்

இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை ஒன்றை 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியையும் வகுத்தனர். கண்ணால் கண்டு, காதால் கேட்டு, வாயால் ஒலித்து, விரலால் வரைந்து, நான்கும் ஒரே நேரத்தில் நிகழுமாறு எழுத்தைக் கற்பிப்பது அம்முறையின் உயிர். எளியதிலிருந்து கடினமானதற்குச் சிறு சிறு படிகளாகச் செல்வதும், ஒரு படி உறுதிப்பட்ட பின்னரே அடுத்ததைத் தொடுவதும் அதன் ஒழுங்கு. உலகெங்கும் இன்று நடைபெறும் பயிற்சிகள் பலவற்றின் தாய் இதுவே.

இதனைப் படிக்கும் தமிழ்த் திருச்சபையாருக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வர வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தம் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கு வரச்செய்து, அச்சிறுவர்களிடையே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். எழுதும்போதே எழுத்தை உரக்க ஒலிப்பது திண்ணைப்பள்ளி வழக்கம். எண்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789இல் ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்தின் கடைநிலை வகுப்பில் அதனைப் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அவ்வகுப்பிற்குக் கற்பிப்பவனாக்கினார். சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லித்தரும் நம் ஊர் வழக்கத்தை ஒத்த இந்த ஏற்பாட்டைப் பற்றி 1797இல் அவர் இலண்டனில் நூல் வெளியிட, அது 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்து முழுதும் பரவிற்று.

திண்ணைப்பள்ளியைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. அங்குப் பிரம்படி உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அதன் திண்ணையில் இடமில்லை. ஆயினும், இக்குறைபாடுள்ள பிள்ளைக்குத் தேவையான கருவிகள் விலையுயர்ந்தவை, நகரத்திற்கே உரியவை, மேலைநாட்டவை என்று ஒதுங்குவோருக்கு இவ்வரலாறு விடையாகிறது. ஒரு தட்டும் ஒரு படி மணலும் எந்தச் சிற்றாலயத்திலும் கிடைக்கும்.

கற்பிக்கும் வழி

முதலில் காது. எழுத்தைக் காட்டுமுன் சொற்களைக் கைதட்டிப் பிரிக்கப் பழக்க வேண்டும்: 'பட்டன்' என்பதற்கு இரு தட்டு, 'பனியன்' என்பதற்கு மூன்று. 'பட்டம்' என்பதற்கும் 'படம்' என்பதற்கும் காதில் கேட்கும் வேறுபாட்டைப் பிள்ளை உணர்ந்த பின்னரே புள்ளியின் பயன் அதற்குப் புரியும்.

பின்னர் மிகச் சில எழுத்துகள். நெடுங்கணக்கின் வரிசையில் அனைத்தையும் ஒப்பிக்கச் செய்வதை இப்பிள்ளைகள் பொருட்டுக் கைவிட வேண்டும். ஒப்பித்தல் நாவின் திறமை, வாசித்தல் ஆகாது. ப, ட, ம, த, ர, க எனச் சிலவற்றைக் கொண்டு, புள்ளி ஒன்றை மட்டும் சேர்த்து, படம், பட்டம், மடம், மரம், கரம், தரம் என வாசிக்க வைக்கலாம். னகரம் சேர்ந்தவுடன் 'பட்டன்' வந்துவிடும். கால் ஒன்றையும் லகரத்தையும் கற்றவுடன் 'காலர்' கைகூடும். தாய் நாள்தோறும் தொட்டுத் தைக்கும் பொருள்களின் பெயர்களைத் தானே வாசிக்கும் பிள்ளையின் முகத்தைக் கண்டவர்கள் இதன் பயனை மறுக்கமாட்டார்கள். ஊசி, நூல், துணி என்பவை இன்னும் நெருங்கிய சொற்களே. ஆயின் 'நூ'வும் 'து'வும் கடின வடிவங்கள் ஆதலால் அவற்றைப் பிந்தி வைப்பதே முறை. கால், கொக்கி, சுழி எனக் குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கொம்பைப் பிறகும், உகர வரிசையை மூன்று குடும்பங்களாகப் பிரித்து இறுதியிலும் கற்பிக்கலாம்.

ஒவ்வொரு புதிய எழுத்தையும் மணலில் பெரிதாக, தோள் அசையுமளவு வரைந்து, வரையும்போதே ஒலிக்க வேண்டும். நேற்றைய பாடம் இன்று மறந்துபோகும். அதற்காக முகம் சுளிக்கலாகாது. மற்றப் பிள்ளைக்குப் பத்து முறை போதுமெனில் இப்பிள்ளைக்கு நூறு முறை வேண்டும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் கற்பிப்பதைவிட நாள்தோறும் அரைமணி கற்பிப்பது பயனுடையது.

இந்த அரைமணிக்குத் திருப்பூரில் இடமுண்டு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் காலை எட்டரைக்குச் சென்றால் இரவு எட்டரைக்கே வெளிவருகின்றனர். பள்ளி விட்டு வந்த பிள்ளை நான்கு மணி நேரம் தனித்திருக்கிறது. அந்நேரத்தில் பல ஆலயங்கள் பூட்டியே கிடக்கின்றன. தமிழக அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்கள் மாலை வேளையில் குடியிருப்புகளிலேயே கற்பிக்க இயலும் என்பதைக் காட்டியது. சபையின் இளம்பெண்கள் இருவரும், மணல்தட்டுகளும், திறந்த கதவும் போதும். பயிற்சி பெற விரும்புவோருக்கு, 1991இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வந்துள்ளது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். ஆயர் ஒருமுறை நேரில் சென்று அவர்களைக் காண்பது நன்று.

சான்றிதழைப் பற்றியும் ஆயர் அறிந்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சான்றிதழ் உள்ள மாணவர் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளைப் பெறலாம். மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ ஆசிரியரே முதற்சோதனை செய்ய வேண்டும் என 2018இல் மத்திய அரசு வழிகாட்டியது. நடைமுறையில், பல பிள்ளைகள் பத்தாம் வகுப்பின் வாயிலிலேயே கண்டறியப்படுகின்றனர். சோதனைகளுக்காக அலையும் ஒவ்வொரு நாளும் பெற்றோருக்கு ஒருநாள் கூலி இழப்பு. சோதனைக் கருவிகளும் நீண்டகாலம் ஆங்கிலத்தைச் சார்ந்தே இருந்தன. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கெனக் கருவி வெளியிட்டபோது, அந்த முதல் தொகுதியில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவையே இருந்தன.

நம் ஞாயிறு பள்ளியில்

சீர்திருத்தத் திருச்சபைகள் வாசிப்பை விசுவாசத்தோடு பிணைத்தவை. ஒவ்வொருவர் கையிலும் திருமறை என்பதே நம் பெருமை. அப்பெருமையே இப்பிள்ளைகளுக்குத் துன்பமாவதைக் காணலாம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வழக்கத்தில், தன் முறைக்கு எந்த வசனம் வரும் என எண்ணி, அதை மனத்திற்குள் ஓட்டிப் பார்த்து, முறை வந்ததும் திக்கி, பிறர் நகைக்கக் கூனிக்குறுகும் பிள்ளை, உலகம் தன்னைப் பற்றிச் சொல்வதையே ஆலயமும் சொல்வதாகப் புரிந்துகொள்கிறது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு பாவம் செய்தவர் யார் எனக் கேட்ட சீடரின் வினாவை இயேசு ஏற்க மறுத்ததை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். "ஜெபித்துப் படித்தால் வரும்" என்று இப்பிள்ளையிடம் கூறும் அறிவுரை அவ்வினாவின் மென்மையான வடிவமே.

திருமறை தோன்றிய காலத்தில் வாசித்தோர் சிலர், கேட்டோர் பலர். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா வாசிக்க, லேவியர் பொருளை விளக்க, மக்கள் கேட்டு உணர்ந்து அழுதனர். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் வாசிப்பவருக்கும் கேட்பவர்களுக்கும் ஒரே பேறு கூறப்படுகிறது. நாவு மந்தமானவர் எனத் தம்மைச் சொன்ன மோசேக்கு ஆரோன் துணையாக அளிக்கப்பட்டார். மோசே பணியிலிருந்து நீக்கப்படவில்லை. ஆகவே, கேட்டு அறியும் வழியை இப்பிள்ளைக்குத் திறந்து வைப்பது விசுவாசத்தில் குறைவான வழியைக் காட்டுவதாகாது. எனினும் அதைக் காரணமாகக் கொண்டு வாசிக்கக் கற்பிப்பதைக் கைவிடுவதும் நேர்மையாகாது. எழுத்தறியாதவரின் உழைப்பு மலிவாகக் கிடைக்கும் நகரில், அவ்வாறு கைவிடுவதால் நன்மை பெறுவோர் வேறு எவரோ.

சுற்றி வாசிக்கும் வழக்கத்தை நிறுத்தி, விரும்புவோர் வாசிக்க மற்றோர் கேட்குமாறு செய்யலாம். திடப்படுத்தல் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழி வினாவை ஏற்பதற்கு ஆயரின் மனம் ஒன்றே தேவை. ஆராதனையில் பாடம் வாசிக்க இப்பிள்ளையை அழைப்பதாயின், பகுதியைப் பதினைந்து நாள்களுக்கு முன்னரே கொடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, நீண்ட சொற்களைக் கோடிட்டுப் பிரித்து, ஆசிரியர் தம் குரலில் கைப்பேசியில் பதிவு செய்து தரலாம். நான்கு வசனங்கள் போதும். முதல் முறை வாசிக்கும்போது ஆசிரியர் அருகில் நிற்பது நல்லது.